லப்-டப்: கதவுகள் சாத்தும் சத்தம்

மார்பில் காதை வைத்தால் கேட்கும் 'லப்-டப்', இதயம் சுருங்குகிற சத்தம் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது வால்வுகள் மூடும் சத்தம். இதயத்தில் இரத்தம் ஒரே திசையில் ஓடுவதற்காக நான்கு வால்வுகள் உள்ளன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இடப்பக்கம் மைட்ரல், வலப்பக்கம் ட்ரைகஸ்பிட். இவை மூடும்போது 'லப்'. இரத்தம் வெளியேறும் வாசல்களில் உள்ள அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடும்போது 'டப்'. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளில் ஒரு லட்சம் முறை.

வால்வு சுருங்கிப்போனால் இரத்தம் நெருக்கித் தள்ளப்படும். சரியாக மூடாவிட்டால் பின்னோக்கிக் கசியும். இரண்டிலும் 'உஸ்' என்றோ உறுமல் போலவோ ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்கும். டாக்டர்கள் அதை 'மர்மர்' என்பார்கள். ஆரோக்கியமான குழந்தைகளிடமும் மர்மர் கேட்பதுண்டு. உடனே பயந்துவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் எக்கோ பரிசோதனை தெளிவாகக் காட்டிவிடும்.

நம் நாட்டில் இளவயதில் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். தொடக்கம் வெறும் தொண்டை வலிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணுக்குச் சரியான மருந்து கொடுக்காமல் விட்டால், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என வலி இடம் மாறும். 'வளருகிற வலி' என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். மூட்டு வலி ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு ஆறாது. மறுபடி காய்ச்சல் வந்தால் தழும்பு இன்னும் கூடும்.

அதைத் தடுக்கத்தான் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. வலிக்கிற ஊசி, அதுவும் வருடக்கணக்கில். பிள்ளை ஓடியாடுகிறானே என்று பெற்றோரே நிறுத்திவிடுகிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெண்பிள்ளை என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைப்பவர்களும் உண்டு. இதுதான் மிக ஆபத்து. கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு அந்தச் சுமையைத் தாங்காமல் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். முன்கூட்டியே தெரிந்தால் தகுந்தவர்களுக்குப் பலூன் சிகிச்சையால் வால்வை விரிக்கலாம்.

வால்வையே மாற்ற நேர்ந்தால் இரண்டு வகை உண்டு. உலோக வால்வுக்கு ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும். அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். திசு வால்வு சில பன்றியிலிருந்தும் சில மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. எது என்று அறுவைச் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; கேட்பதில் தவறில்லை.