எளிய தகனமும் சாவகர் அறமும்



உடல் வேறு, உயிர் வேறு என்னும் உண்மையை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். ஆயினும் வீட்டில் ஒருவர் மறைந்த அன்று, அந்த உண்மை எவர் நினைவிலும் நிற்பதில்லை. பந்தற்காரர் வருகின்றார், பூப்பல்லக்குக்காரர் வருகின்றார், உறவினர் பத்துப் பேர் பத்து வழக்கங்களைச் சொல்கின்றனர். மூன்றாம் நாள் கணக்குப் பார்க்கும்போது குடும்பத்தலைவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பது தெரிகின்றது. நம்மவரில் பலர் இன்று வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களை விட்டுத் தொழில் நிமித்தம் தொலைவூர்களில் வாழ்கின்றனர். எனவே இப்பொருளைக் காரைக்காலை எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்வது பயன்தரும்.

காரைக்கால், புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும், சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழக் கடலோரத்தில் தனித்துக் கிடக்கும் நிலம். 1954ல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறி, 1962ல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. துறைமுகம், எண்ணெய் எரிவாயுக் கழகம், தேசியத் தொழில்நுட்பக் கழகம், மருத்துவமனைகள் என இங்கு வேலைக்கு வருவோர் பலர். நம் குடும்பங்கள் அங்கங்கே ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனால் நம் ஊர்களில் உள்ளதுபோல் தெருவே திரண்டு வந்து நிற்கும் நிலை அங்கில்லை. டெல்டாப் பகுதியில் தொன்மையான ஜினாலயங்கள் என்றால் மன்னார்குடி மல்லிநாதர், தீபங்குடி ஆதிநாதர், கும்பகோணம் சந்திரப்பிரபர், தஞ்சைக் கரந்தை ஆதிநாதர் ஆலயங்களைச் சொல்லலாம். உபாத்தியாயர் ஒருவரை அழைக்க வேண்டுமானால் அவ்வளவு தொலைவு ஆள் அனுப்ப வேண்டும். புதுச்சேரியே 130 கிலோமீட்டருக்கு அப்பால். சொந்த ஊரோ அதனையும் தாண்டி. இந்நிலையில் இறந்தவரின் உடலைக் குளிர்பெட்டியில் வைத்து, வண்டி அமர்த்தி, இரவெல்லாம் பயணம் செய்து ஊருக்குக் கொண்டு செல்வதா, இருந்த இடத்திலேயே எளிமையாகத் தகனம் செய்வதா என்னும் வினா எழுகின்றது.

இதற்கு விடை காண முதலில் ஆகம நெறியை நோக்குவோம். உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், உடலை நீத்த உயிர் மறுபிறவிக்குச் செல்லும் இடைவழியில் ஒன்று, இரண்டு, மிகுதியாக மூன்று சமயங்களே ஆகாரம் கொள்ளாதிருக்கும் என்று கூறுகின்றது. சமயம் என்பது காலத்தின் பகுக்கவொண்ணா நுண்ணளவு. கண் இமைக்கும் நேரத்தில் எண்ணிறந்த சமயங்கள் கழிந்துவிடும். ஆகவே நாம் அழுது முடிப்பதற்குள், ஏன், மருத்துவர் நாடி பார்த்துக் கையை விடுவதற்குள், அவ்வுயிர் தன் வினைக்கேற்ற கதியில் புது உடல் எடுத்துவிடுகின்றது. பசியோடு வாயிலில் காத்து நிற்பதற்கு அங்கு எவரும் இல்லை. பிண்டம் வைத்து அவ்வுயிரைக் கரையேற்றுவது என்பதும் இல்லை.

ஜினசேன ஆசாரியர் ஆதிபுராணத்தில் ஆதானம் முதல் 53 கர்ப்பான்வயக் கிரியைகளை விரித்துரைக்கின்றார். அவற்றின் முடிவு வீடுபேறு. பிணத்தைச் சுடுவதற்கென்று ஒரு கிரியை அவற்றுள் இடம்பெறவில்லை என்பதனை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். சமணத்தில் இறப்புக்குரிய சடங்கு, மூச்சு நிற்பதற்கு முன் செய்யப்படுவது. சல்லேகனையும், கடைசி நேரத்தில் காதில் ஓதப்படும் பஞ்ச நமஸ்காரமுமே அச்சடங்கு. சீவக சிந்தாமணியில் அடிபட்டு உயிர் விடும் நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓத, அது தேவனாகிச் சுதஞ்சணன் எனப் பெயர் பெற்ற வரலாறு நம் குழந்தைகளும் அறிந்தது. அந்த நாய்க்கு எவரும் பல்லக்குக் கட்டவில்லை.

அப்படியானால் தகனத்தையே பொருட்படுத்த வேண்டாமா எனில், அவ்வாறன்று. ஆதிநாதப் பெருமான் வீடு எய்தியபோது அக்கினிகுமார தேவர்கள் தம் முடிகளினின்று எழுந்த தீயால் தகனம் செய்தனர் என்று புராணம் கூறுகின்றது. உயிர் தங்கியிருந்த உடலை மதிப்புடன் அனுப்புவது இல்லறத்தார் கடமை. எந்த அளவோடு, எந்த மனநிலையோடு அனுப்புவது என்பதே நாம் எண்ண வேண்டியது.

இங்கே அகிம்சை நெறி நேரே வந்து நிற்கின்றது. உயிர் நீங்கிய உடலில் கண்ணுக்குத் தெரியாத சம்மூர்ச்சன உயிர்கள் இடைவிடாமல் தோன்றுகின்றன என்பது சமணக் கொள்கை. நேரம் செல்லச் செல்ல அவை பெருகும். பெருகிய அத்தனையும் பின்னர் நெருப்பில் மடியும். வெளிநாட்டு மகன் வரட்டும் என்று மூன்று நாள் குளிர்பெட்டியில் வைப்பதைப் பாசம் என்கின்றோம். மகன் முகம் பார்க்க வேண்டும் என்னும் ஆசையை நான் இகழவில்லை. ஆனால் அதன் விலையை வேறு உயிர்கள் கொடுக்கின்றன என்பதையும் சொல்லாமல் இருக்க இயலாது. இன்று கைப்பேசி வழியே மகன் தொலைவிலிருந்தே முகம் காணலாம்; பஞ்ச நமஸ்காரத்தை உடன் ஓதலாம். பொழுது சாய்ந்த பின் மூட்டும் தீ விட்டிலையும் பூச்சியையும் ஈர்க்கும். ஆதலின் இரவு உணவை நீக்கிய நாம், தகனத்தையும் பகலொளியில் முடிப்பதே பொருத்தம்.

நெருப்பே ஓரறிவுயிர், விறகும் ஒரு காலத்தில் உயிர் தாங்கியது, அதன் பட்டையிடுக்கில் கறையானும் எறும்பும் உண்டு. தகனம் என்பது தவிர்க்க இயலாத ஆரம்ப இம்சை. தவிர்க்க இயலாததைக் குறைத்துச் செய்யலாம் அல்லவா? தேவைக்கு மேல் ஒரு கட்டு விறகு அடுக்கினாலும் அது அனர்த்த தண்டம், அதாவது பயனற்ற இம்சை, ஆகின்றது. எளிய தகனத்தைக் கஞ்சத்தனம் என்று எவரேனும் சொன்னால், இது எங்கள் விரதம் என்று விடை கூறலாம்.

காரைக்கால் போன்ற கடலோரச் சிற்றூர்களில் வழக்கமான முறை மூட்டம் போடுதல். கீழே விறகும் வறட்டியும் அடுக்கி, உடலைக் கிடத்தி, மேலே மீண்டும் வறட்டி வைத்து, வைக்கோல் பரப்பி, சேற்று மண்ணால் மெழுகிக் காற்றுப் போகச் சில துளைகள் விடுவர். உள்ளே வெப்பம் தங்குவதால் திறந்த சிதையைவிட எரிபொருள் குறைவாகச் செல்லும். ஆனால் இரவு முழுதும் கனியும். வடநாட்டில் மோட்சதா என்னும் அமைப்பு இரும்புத் தட்டும் புகைபோக்கியும் உள்ள மேடைகளை அமைத்து, திறந்த சிதைக்கு 400 முதல் 600 கிலோ வரை செல்லும் விறகை 150 முதல் 200 கிலோவாகக் குறைத்துள்ளது. எரிவாயு மேடை எட்டும் தொலைவில் இருக்குமானால், விறகுப் பூச்சியும் வறட்டிப் புழுவும் சாகாத அம்முறையே நமக்கு மிக உகந்தது. அது இல்லாதவிடத்து, காய்ந்த விறகைத் தட்டி உதறி அடுக்கச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்டாவில் அடைமழை. அப்போது கிடைக்கும் விறகு நனைந்து பூச்சி அண்டியதாக இருக்கும். கூரையுள்ள கொட்டகையில் விறகு வைத்திருப்பவரிடம் கூடுதலாகக் கொடுத்தேனும் உலர்ந்ததை வாங்குவது நல்ல செலவு. இதயக் கருவி பொருத்தப்பட்டவராயின் அதனை மருத்துவரைக் கொண்டு முன்னரே அகற்றிவிட வேண்டும். நெருப்பில் அது வெடிக்கும்.

நாம் வாழும் ஊரில் அண்டை வீட்டார் செய்யும் வழக்கங்களில் எவற்றை ஏற்பது, எவற்றை விடுவது என்னும் சிக்கலுக்கு வருவோம். 959ல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி இதற்கு அருமையான அளவுகோல் தந்துள்ளார். நற்காட்சிக்குக் கேடில்லாமலும், நோன்புகளுக்குக் குற்றம் வாராமலும் உள்ள உலக வழக்கம் எதுவும் சமணர்க்கு ஏற்புடையதே என்பது அவர் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தனை தாராளமாகச் சொல்லியிருக்கின்றார்! இவ்விரு சல்லடைகளிலும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்போம்.

உடலை நீராட்டித் தூய வெள்ளைப் பருத்தியாடை உடுத்துவது தடையின்றித் தேறும். காரைக்காலில் நம் அண்டையரான இசுலாமியர், செல்வரானாலும் ஏழையானாலும் தையலற்ற வெண்துணியில் சுற்றி, காலந்தாழ்த்தாமல் அடக்கம் செய்துவிடுகின்றனர். அவர் சமயம் வேறு, காரணம் வேறு. ஆயினும் அந்த எளிமை நம் கண்ணுக்குப் பாடமாகும். உறவினர் ஆளுக்கொரு கோடித்துணி போடுவதும், அது அப்படியே எரிக்கப்படுவதும் வீண். அத்துணையின் விலையை ஔஷத தானத்துக்குக் கொடுக்கச் சொல்லலாம். கொள்ளிக்குடம் உடைப்பதில் இம்சை இல்லை. ஆனால் அது உயிரின் வழியைத் திறக்கின்றது என்று நம்பிச் செய்தால் நற்காட்சிக்குக் கேடு. வெடியும் பூப்பல்லக்கும் இரண்டு சல்லடையிலும் நில்லா. வாய்க்கரிசியைப் பற்றி முதியோர் வருந்துவர்; அதே அரிசியை ஒரு மூட்டையாக ஏழை வீட்டுக்கு அனுப்பினால் ஆகார தானமாகின்றது. வீட்டில் ஒரு பாட்டி அழுது அடம்பிடித்தால், ஒரு பிடி அரிசிக்காக அவரோடு அன்று வாதிட வேண்டாம் என்பது என் எண்ணம்.

எலும்பும் சாம்பலும் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரசலாற்று முகத்துவாரத்திலோ பூம்புகார்ச் சங்கமத்திலோ கரைப்பது அங்குள்ள வழக்கம். ஆற்றிலும் கடலிலும் மூழ்குவதைப் புண்ணியம் எனக் கருதுவது உலக மூடம் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில் கண்டித்துள்ளார். நீரும் உயிருடையது, அதில் மீனும் புழுவும் வாழ்கின்றன. கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி உலவிய பூம்புகார்க் கரை நமக்கு அன்புக்குரிய மண்தான். ஆயினும் சாம்பலைச் செடிகொடியற்ற உலர்ந்த மேட்டு நிலத்தில் குழிதோண்டி மூடுவதே குறைந்த இம்சை.

பெண்கள் மயானத்துக்கு வரலாகாது என்பதற்கு நம் ஆகமத்தில் சான்று காட்டுவது அரிது. நீலகேசி தொடங்குவதே பலாலையம் என்னும் சுடுகாட்டில், முனிச்சந்திர முனிவர் தியானத்தில் அமர்ந்திருக்கும் இடத்தில். விசயை சீவகனைப் பெற்றதும் சுடுகாட்டிலேயே. தன் இறந்த குழந்தையுடன் அங்கு வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் அக்குழந்தையை எடுத்து வளர்த்தான். காரைக்கால் மண்ணின் பெரும்பெயரான அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையே தம் தவத்தலமாகக் கொண்டவர் எனச் சைவர் போற்றுவர். மகள் மட்டுமே உள்ள வீட்டில் மகள் தீ மூட்டுவதற்கு எவ்விதத் தடையும் இல்லை. தூரத்துப் பங்காளியைத் தேடி வண்டிச்செலவு கொடுத்து வரவழைப்பது வேண்டாத வேலை.

எளிய தகனம் வெறுமையாக இருக்குமோ என்று சிலர் அஞ்சுவர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு வரையறுத்தது. அந்நாளில் பத்துப் பேர் நின்று அனுப்பிய பெரியோர் எவரும் சிறுமை அடைந்துவிடவில்லை. கூட்டம் சிறிதாயின் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அநித்தியம், ஏகத்துவம், அன்யத்துவம் முதலிய பன்னிரு சிந்தனைகளுள் இறந்தவர் விரும்பி ஓதியது எதுவோ அதனை ஒருவர் ஓதலாம். அவர் கைப்பட எழுதிய நோட்டுப்புத்தகம் இருந்தால், பேரப்பிள்ளை அதில் ஒரு பக்கம் படிக்கலாம். அவர் கொண்டிருந்த விரதங்களை, இத்தனை ஆண்டு இரவுண்ணாமை, இத்தனை அட்டமி நோன்பு என்று, வாய்விட்டுச் சொல்லலாம். புகழுரை பத்து கேட்பதைவிட இது மனத்தில் தைக்கும். அவர் தறி நெய்தவராயின் அவர் நெய்த துணியே மேலாடை ஆகட்டும். பூவுக்கு மாற்றாக உறவினர் ஒவ்வொருவரும் ஒரு நாள் ஒரு விரதம் மேற்கொள்வதாகச் சொல்லிக் கைகூப்பலாம். உபாத்தியாயர் வர இயலாவிடில், பஞ்ச நமஸ்காரத்தை வீட்டார் ஓதினாலும் அது பஞ்ச நமஸ்காரமே. சூதகமும் ஜினாலயப் பூசையும் பற்றி அந்தந்த ஊர் வழக்கப்படி உபாத்தியாயரைப் பின்னர்க் கேட்டுக்கொள்ளலாம்.

அழுகை பற்றி ஒரு சொல். துன்பம், சோகம், ஓலமிடல், அரற்றல் முதலியன அசாதா வேதனீயக் கருமம் வந்து சேரக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் கூறுகின்றது. இதனை அழுகின்ற தாயிடம் அப்போதே போய்ச் சொல்லாதீர். அருகில் அமர்ந்து மெல்லப் பஞ்ச நமஸ்காரம் ஓதுங்கள். அவரும் தாமே சேர்ந்துகொள்வார்.

கண் தானம் அபய தானத்துக்கு நிகர் என்பது என் கருத்து. இறந்த 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி அணிந்தவரும் கண்புரை அறுவை செய்துகொண்டவரும் வழங்கலாம். இதற்கு வீட்டார் செய்ய வேண்டிய செலவு எதுவும் இல்லை.

மயானத்தில் பணிபுரிவோருக்குப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் காட்டிவிட்டு இங்கும் காட்டுவது அறமன்று. இரவெல்லாம் புகையில் நின்று மூட்டத்தைக் காப்பவர் அவரே. நம் வீட்டுப் பெரியவருக்கு இறுதியாகத் தொண்டு செய்பவரை ஒருமையில் அழைப்பதும் நமக்கு அழகன்று.

இறுதியாக அலுவலகக் காரியம். இறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் பதிவு செய்ய வேண்டும். காரைக்காலில் இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு சென்று தகனம் செய்தாலும், சான்றிதழ் காரைக்கால் நகராட்சியிலோ உரிய கொம்யூன் பஞ்சாயத்திலோதான் கிடைக்கும். தமிழ்நாட்டு அலுவலகம் தராது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் அறிவித்தால் கட்டணமில்லை; பிந்தினால் கட்டணமும் அலைச்சலும் உண்டு. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே அறிவிப்பர். வீட்டில் இறந்தால் குடும்பத்தலைவர் அறிவிக்க வேண்டும். மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று பெறாமல் மயானத்துக்குப் புறப்பட வேண்டாம். பெயரும் தலைப்பெழுத்தும் ஆதார் அட்டையில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று, ‘நயினார்’, ‘ஜெயின்’ என்னும் பின்னொட்டு உட்பட, கையொப்பமிடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஓய்வூதியம், வங்கி, நிலப்பட்டா ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படி கேட்பார்கள். முதலிலேயே ஐந்தாறு படிகள் வாங்கி வைத்துக்கொள்க.