ஆகார் கண்காட்சியில் நால்வர்

'ஆகாரம்' என்னும் சொல் தமிழிலும் உண்டு. இந்தியில் அது 'ஆகார்' என வழங்கும். அச்சொல்லையே பெயராகக் கொண்ட வணிகக் கண்காட்சி ஒன்று புதுதில்லிப் பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும், வழக்கமாக மார்ச் மாதத்தில், ஐந்து நாள்கள் நடைபெறுகின்றது. இதனை நடத்துவது இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனம். உணவகம், தங்கும் விடுதி, அடுமனை ஆகியவற்றை நடத்துவோர்க்கு வேண்டிய அடுப்புகள், குளிர்பதனப் பெட்டிகள், பாத்திரங்கள், மசாலைப் பொருள்கள் முதலியவை இங்கே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பொருட்காட்சி என்றவுடன் இராட்டினத்தையும் மிளகாய் பஜ்ஜியையும் எண்ணிவிடக் கூடாது. இது தொழில் செய்வோர் கூடும் இடம்.

பிரகதி மைதானம் 1972ஆம் ஆண்டு முதல் கண்காட்சிகளுக்கு இடமாக இருந்து வருகின்றது. அங்குள்ள பாரத மண்டபம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. அரங்குகளோ பல, ஒருவரே ஒரு நாளில் யாவற்றையும் கருத்தூன்றிப் பார்த்தல் இயலாது. ஆகவே, உணவகத்தினர் குழுவாகச் செல்வது வழக்கம்.

தில்லியில் உள்ள ஒரு சிறிய தமிழ் உணவகத்தை எண்ணிப் பார்க்கலாம். அதன் உரிமையாளர் பல ஆண்டுகளாகச் சேமித்த 3 இலட்சம் ரூபாயைக் கொண்டு பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்க விரும்பினார். கண்காட்சிக்கு முந்தைய இரவு, கடை அடைத்த பின், வேலைகள் பங்கிடப்பட்டன. 'மாஸ்டர்' என்று அழைக்கப்படும் தலைமைச் சமையலர் மாவரைக்கும் இயந்திரங்களைப் பார்த்துவர வேண்டும். கணக்கர் மின்சாரம், பராமரிப்பு, விலை ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். பாத்திரம் துலக்கும் அம்மையாருக்கு மட்டும் எந்த வேலையும் தரப்படவில்லை. "நீங்களும் வந்து பாருங்கள், அக்கா" என்றார் உரிமையாளர்.

அம்மையார் விழுப்புரம் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். இயந்திரம் வந்துவிட்டால் தமக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்ற கேள்வி அவருடைய மனத்தை அரித்தது. அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் மெட்ரோ தொடர்வண்டியில் உச்ச நீதிமன்ற நிலையம் வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

உள்ளே சென்றதும் மாஸ்டர் கோயம்புத்தூர் இயந்திரங்கள் இருந்த பக்கம் விரைந்தார். கோயம்புத்தூர் மாவரைக்கும் இயந்திரம் புவிசார் குறியீடு பெற்றது. ஊத்துக்குளிக் கல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. மாஸ்டர் விளம்பரத் தாள்களைத் தொடவில்லை. கலத்தைச் சாய்த்து மாவை வழிக்கும் அமைப்பைத் தம் கையாலேயே பலமுறை சாய்த்துப் பார்த்தார். நாள்தோறும் குனிந்து மாவள்ளும் தோளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உரிமையாளர் நின்ற இடத்தில் செயல்விளக்கம் நடந்துகொண்டிருந்தது. ஐம்பது சென்டிமீட்டர் சதுரக் கூடையில் ஏறத்தாழ 18 தட்டுகள் அடுக்கப்பட்டன, மூடி இறங்கியது, இரண்டு நிமிடத்தில் தட்டுகள் ஆவி பறக்க வெளிவந்தன. 200 தட்டுகளுக்கு 12 முறை, 24 நிமிடம் என்று கணக்கர் மனக்கணக்குப் போட்டார். உரிமையாளரின் முகம் மலர்ந்தது. "இந்த விலை இன்று மட்டுமே" என்றார் விற்பனையாளர். இச்சொல் கண்காட்சிகளில் பெரும்பாலும் எல்லா நாளும் கேட்கும் சொல்லே.

அப்போது அம்மையார், "தம்பி, நம் இட்லிக் கொப்பரை இதற்குள் நுழையுமா?" என்று கேட்டார்.

விற்பனையாளர் திரும்பிப் பாராமலேயே, "எல்லாம் நுழையும்" என்றார். அம்மையார் முன்னே சென்று, மூடி உயர்ந்து நின்ற இடைவெளியைக் கைவிரித்து அளந்தார். "இரண்டு சாண்கூட இல்லை. கொப்பரை மூன்று சாண். கழுவுவதில் நேரம் தின்பது தட்டில்லை, தம்பி, கொப்பரையும் சாம்பார் அண்டாவும்தான்" என்றார்.

உரிமையாளர் முன்பணம் எடுக்கப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தார்.

அதன்பின் கேள்விகள் பெருகின. இயந்திரத்துக்கு மும்முனை மின்சாரம் வேண்டும் என்பதும், கடைக்கு இருப்பது ஒருமுனை இணைப்பே என்பதும் கணக்கரால் தெரிந்தன. கடையில் வருவது நிலத்தடி நீர். அதன் உப்பு சூடேற்றும் கம்பியில் படியும். எனவே நீரை மென்மையாக்கும் கருவியும் தனியே வாங்க வேண்டும். விலைத்தாளில் இவையெல்லாம் இல்லை.

மாலையில் நால்வரும் தேநீர்க் கோப்பைகளுடன் அமர்ந்து, கண்டவற்றை ஒருவர்க்கொருவர் கூறினர். முதலில் பேசுமாறு உரிமையாளர் அம்மையாரையே கேட்டுக்கொண்டார். அன்று எதுவும் வாங்குவதில்லை என்றும், மூன்று நிறுவனங்களிடம் எழுத்து வடிவில் விலைப்புள்ளி பெறுவது என்றும் முடிவாயிற்று. மேசையடியில் அடங்கும் சிறிய இயந்திரம் ஒன்று, ஒருமுனை மின்சாரத்தில் இயங்குவது, தட்டுகளுக்குப் போதும். கொப்பரைக்கு இடுப்பு உயரத்தில் ஆழமான தொட்டி ஒன்று கட்டலாம். மிச்சத்தில் மாஸ்டர் விரும்பிய சாய்க்கும் கலமும் வந்துவிடும்.

விலைப்புள்ளி கேட்கும் படிவத்தில், 'இயக்கப் பயிற்சி பெறுபவர்' என்று ஓர் இடம் இருந்தது. கணக்கர் எழுதுகோலை நிறுத்தி உரிமையாளரைப் பார்த்தார். உரிமையாளர், "அக்கா, உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

பயிற்சி

1. அம்மையார் மெட்ரோவில் பேசாதிருந்தது ஏன்?
2. விலைத்தாளில் இல்லாத செலவுகள் யாவை?
3. சாண், முழம் ஆகியவற்றால் உங்கள் வீட்டுப் பாத்திரங்கள் மூன்றை அளந்து, சென்டிமீட்டரிலும் எழுதுக.
4. செயல்விளக்கம், விலைப்புள்ளி, மும்முனை மின்சாரம்: இவற்றைச் சொற்றொடரில் அமைத்து எழுதுக.