உடை கலைந்த நிர்வாகப் பக்கம்

உங்கள் அண்ணன் இணையத்தில் ஒரு கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளும், அதனுடன் சேர்ந்து இயங்கும் வூகாமர்ஸும் கொண்டு அமைந்த கடை அது. வாடிக்கையாளர் காண்பது முகப்பு. அண்ணன் மட்டும் கடவுச்சொல் இட்டு நுழைவது நிர்வாகப் பக்கம். ஆர்டர், விலை, இருப்பு எல்லாம் அங்கேதான்.

ஒரு நாள் காலை அப்பக்கத்தைத் திறந்தால் வண்ணமில்லை, கட்டங்களில்லை. அடிக்கோடிட்ட நீல எழுத்துகள் மேலிருந்து கீழாக நீண்டு கிடக்கின்றன. "எல்லாம் போயிற்று! அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறேன்" என்கிறார் அண்ணன். தடுத்து நிறுத்துங்கள்! அழித்தால், அனுப்ப வேண்டிய ஆர்டர்களும் உடன் அழியக்கூடும்.

உண்மையில் என்ன நேர்ந்தது? ஆர்டர் விவரங்கள் இருப்பது தரவுத்தளத்தில். பக்கத்தின் எலும்புக்கூடு எச்.டி.எம்.எல். அதற்கு உடை அணிவிப்பது சி.எஸ்.எஸ். என்னும் தனிக்கோப்பு. இதன் முதல் தரநிலை 1996இல் வெளியாயிற்று. ஆர்டர் எண்கள் எழுத்தாகத் தெரிகின்றனவா? அப்படியானால் உடல் நலமே. உடைதான் வந்து சேரவில்லை.

இனி, சோதனைச்சாலையில் செய்வதுபோல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

1. வேறொரு பிரவுசரில் திறவுங்கள். அங்கே சரியாக இருந்தால், முதல் பிரவுசர் சேமித்து வைத்த பழைய கோப்பின் மீது ஐயம் கொள்ளலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் விசைகளை ஒருசேர அழுத்தினால் கோப்புகள் புதிதாக வரும்.

2. சரியாகவில்லையா? எஃப் 12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். சிவப்பு வரிகளைக் கவனியுங்கள். 404 என்றால் கோப்பு அவ்விடத்தில் இல்லை. 403 என்றால் சர்வர் அனுமதி மறுத்தது. பக்கத்தின் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்றும், உடைக்கோப்பின் முகவரி 'எச்டிடிபி' என்றும் தொடங்கினால், பாதுகாப்புக் கருதிப் பிரவுசரே அக்கோப்பைத் தடுத்துவிடும். கடையின் முகவரி அமைப்பைத் திருத்த வேண்டும்.

3. கோப்புகள் யாவும் வந்தும் பக்கம் கலைந்திருக்கிறதா? பிளகின் ஒன்று குழப்பியிருக்கலாம். கடைக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் சோதியுங்கள். ஐயத்திற்குரியவை 16 என்றால் பாதியை நிறுத்துங்கள். பக்கம் சீரானால் குற்றவாளி அந்த 8இல் ஒன்று. இல்லையேல் மறு பாதியில். 16, 8, 4, 2, 1 என நான்கே சோதனைகளில் அதைப் பிடித்துவிடலாம். குற்றவாளி ஒன்றே என்றால்தான் இக்கணக்குப் பொருந்தும்.

சில வேளைகளில் பழுதே இராது. 2013 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 3.8, நிர்வாகப் பக்கத்தின் தோற்றத்தையே மாற்றியது. ஆகவே, "அண்மையில் எதைப் புதுப்பித்தீர்கள்?" என்பதே அண்ணனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

காரணம் தெரியுமுன் அழிக்காதீர்கள். அழித்தபின் காரணத்தைத் தேடச் சான்றும் இராது அன்றோ?