கோகலேயின் கட்டாயக் கல்வி மசோதா

ஒரு நாட்டின் கல்வி நலிவுற்றதற்கு ஆட்சி காரணமா, மக்களின் அக்கறையின்மை காரணமா எனும் வாதம் நமக்குப் புதிதன்று. 1911 மார்ச்சுத் திங்களில் கோபாலகிருஷ்ண கோகலே, கல்கத்தாவில் கூடிய பேரரசுச் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். ஆறு முதல் பத்து வயதுச் சிறுவரைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க உள்ளாட்சி மன்றங்கட்கு அதிகாரம். செலவில் மூன்றில் இரு பங்கு அரசுடையது. கேட்டது இவ்வளவே. மக்களிடம் வேட்கையில்லை, கருவூலத்தில் நிதியில்லை என்றது அரசு. நிதி தேடுவதுதான் ஆள்வோரின் கடமை என்று முகமது அலி ஜின்னா வாதிட்டார். இவ்விவாதத்தின் உயிர்நிலை இதுவே எனலாம். 1912-இல் மசோதா 13-க்கு 38 என்ற வாக்குகளில் வீழ்ந்தது. அலுவலரே பெரும்பான்மையினராயிருந்த அவையில் வேறெதனை எதிர்பார்ப்பது? விடுதலை பெற்றபின் அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு பத்தாண்டுக் கெடு குறித்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரலில்.