பட்டைக்குள் வண்டு: ஸ்ப்ரூஸ் காட்டை எப்போது சோதிப்பது?

மத்திய ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் காடு வைத்திருப்பவர்களின் கவலை நியாயமானது. 2018 முதல் 2020 வரை நீடித்த வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டைக் காலி செய்தன. ஹார்ஸ் மலையில் சரிவு சரிவாக மரங்கள் பட்டுப்போய் நின்றன.

வண்டின் நீளம் 4 முதல் 5.5 மி.மீ. தான். நலமான மரம், துளைக்கும் வண்டைப் பிசினில் அமிழ்த்தித் தள்ளிவிடும். நீரின்றி வாடிய மரத்தில் பிசின் போதிய அளவு ஊறாது. வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வண்டுகள் பறக்கத் தொடங்கும். உட்பட்டையில் (உணவுச்சத்தை வேருக்கு இறக்கும் உயிர்த்திசு) முட்டையிடும். கோடை சூடாக இருந்தால் ஆறேழு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறை என்பது தாழ்நிலங்களில் இப்போது மூன்றாகவும் ஆகிறது.

உங்கள் காட்டின் அபாயத்தைக் கணிக்க நான்கு கேள்விகள் போதும். மரங்கள் முதிர்ந்தவையா? முழுக்க ஸ்ப்ரூஸ் மட்டும்தானா? சென்ற கோடையில் வறட்சி இருந்ததா? புயலில் சாய்ந்த மரங்கள் அகற்றப்படாமல் கிடக்கின்றனவா? ‘ஆம்’ என்ற பதில் கூடக் கூட அபாயமும் கூடும். வெயில் நேரே விழும் காட்டோரங்களை முதலில் பாருங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை அடிமரத்தைச் சோதியுங்கள். பட்டை இடுக்கிலும் சிலந்தி வலையிலும் காப்பித்தூள் போன்ற பழுப்புத் தூள் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. மழை அதைக் கழுவிவிடும். மழையற்ற நாளில் பாருங்கள். உச்சி சிவக்கும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் வண்டுகள் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

தூள் தென்பட்ட மரத்தை உடனே வெட்டுங்கள். புதிய வண்டு வெளிவரும் முன் தடியை ஸ்ப்ரூஸ் காட்டிலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் மட்டும் இருந்தால் பட்டையை உரித்தாலே போதும். அவை காய்ந்து சாகும்.

பயந்துபோய் காடு முழுவதையும் வெட்ட வேண்டாம். புதிதாகத் திறந்த ஓரத்து மரங்கள் வெயிலில் வாடி வண்டுக்கு இரையாகும். மணப்பொறி (வண்டை ஈர்க்கும் வாசனை வைத்த கூண்டு) பெருக்கத்தைக் கண்காணிக்க மட்டுமே உதவும்; மரத்தருகே வைத்தால் வண்டை நீங்களே வரவழைத்ததாகும். வண்டு எப்போதோ வெளியேறிய பட்ட மரத்தை அவசரமாக வெட்டிப் பயனில்லை. வண்டைத் தின்னும் பூச்சிகள் அதில் தங்கியிருக்கும்.

இடைவெளிகளில் பீச், வெள்ளி ஃபிர், மேப்பிள் கன்றுகளை நடுங்கள். கலப்புக் காடுதான் நிலையான காப்பு. அது வளரும்வரை, வாரம் ஒருமுறை காட்டுக்குள் நடப்பதை நிறுத்தாதீர்கள்.