நெட்வொர்க்கிங் படிக்க எந்த வழி?

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் போதும், "எத்திக்கல் ஹேக்கிங் சேரலாமா சார்?" என்ற கேள்வி வர ஆரம்பித்துவிடும். கேட்கிற பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும். பக்கத்தில் நிற்கும் அப்பா, "இனிமே சைபர் செக்யூரிட்டிக்குத்தான் மவுசுன்னு சொல்றாங்க" என்பார். அந்தப் பிள்ளைக்கு ஐபி முகவரி என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். நெட்வொர்க் வேலையிலேயே காலம் தள்ளி, இப்போது புதியவர்களை நேர்காணல் செய்யும் இடத்தில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

பட்டம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. பொறியியலோ, பிசிஏவோ, பி.எஸ்சி. கணினி அறிவியலோ, ஏதாவது ஒன்று போதும். அதற்கு மேல் என்ன படிப்பது என்பதில்தான் குழப்பம்.

சிசிஎன்ஏ எல்லோருக்கும் தெரிந்த வழி. 2020 பிப்ரவரியிலிருந்து அது ஒரே தேர்வு. தேறினால் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். சிஸ்கோ நடத்தும் தேர்வு என்பதால் கட்டளைகள் சிஸ்கோ பாணியில் இருக்கும். ஆனால் சப்நெட் கணக்கும், ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலேனும், ரவுட்டிங்கும் எந்த நிறுவனத்தின் கருவிக்கும் பொது. காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தையும் சாராதது, பரப்பு அதிகம், ஆழம் குறைவு. நான் இருந்த நேர்காணல்களில் சிசிஎன்ஏவுக்குத்தான் தலை நிமிர்ந்தது. கிளவுட் சான்றிதழ்கள் நல்லவைதான், ஆனால் இரண்டாவதாக வர வேண்டியவை. அங்கேயும் சப்நெட், ரவுட் டேபிள், ஃபயர்வால் விதி என்று இதே சரக்குதான் வேறு திரையில் வருகிறது.

இனி ஹேக்கிங் விஷயம். மூன்று மாதத்தில் ஹேக்கர் ஆக்குகிறோம் என்று சொல்லும் வகுப்புகளில் என்ன நடக்கிறது? காளி லினக்ஸை நிறுவித் தருவார்கள். என்மேப் என்ற கருவியை ஓட்டச் சொல்வார்கள். திரையில் "ஓபன்", "குளோஸ்டு", "ஃபில்டர்டு" என்று வரிசையாக விழும். மாணவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார். அந்த மூன்று சொற்களும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் இருக்காது.

விடை, கணினிகள் பேசிக்கொள்ளும் டிசிபி முறையில் இருக்கிறது. டிசிபி இணைப்பு மூன்று அடியில் தொடங்குகிறது. ஒரு பக்கம் சின் என்ற செய்தியை அனுப்பும். மறுபக்கம் சின்-ஆக் என்று ஒப்புக்கொள்ளும். முதல் பக்கம் ஆக் அனுப்பி முடிக்கும். என்மேப் சின்னை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. சின்-ஆக் திரும்பி வந்தால் போர்ட் என்ற கதவு திறந்திருக்கிறது. ரீசெட் வந்தால் மூடியிருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால், நடுவில் ஒரு ஃபயர்வால் அதை விழுங்கியிருக்கலாம். கருவி செய்யும் வேலை இவ்வளவுதான். டிசிபியைப் பொறுமையாக ஒரு வாரம் படித்தவருக்கு இது கையெழுத்து வாசிப்பது போல் தெரியும். படிக்காதவர் கருவி சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டுமே முடியும். அதற்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

இந்த வகுப்புகளை முடித்து வருகிறவர்களிடம் நான் ஹேக்கிங் கேள்வியே கேட்பதில்லை. "8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் பெயரைப் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை. எங்கே பார்ப்பீர்கள்?" என்பேன். பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் என்ற பதில் உடனே வர வேண்டும். "கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொண்டிருக்கிறது, என்ன அர்த்தம்?" என்பேன். டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கணினி தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று சொல்ல வேண்டும். பெரிய தொகை கட்டிச் சான்றிதழோடு வந்த பிள்ளைகள் இந்த இரண்டிலும் விழிப்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. பிள்ளைகள் மேல் இல்லை, அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் மேல்.

ஆபத்து இன்னொன்றும் உண்டு. கற்றதைப் பக்கத்து வீட்டு வைஃபையிலும் கல்லூரி சர்வரிலும் பழகிப் பார்க்கத் தோன்றும். அனுமதியில்லாமல் கெட்ட நோக்கத்தோடு இன்னொருவர் கணினிக்குள் நுழைந்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பார்த்தேன் சார்" என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். சைபர் பாதுகாப்புத் துறை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மேல்மாடி. அதில் மதிப்புள்ள ஓஎஸ்சிபி தேர்வு ஏறத்தாழ 24 மணி நேரச் செய்முறை. நெட்வொர்க் தெரியாமல் அதில் ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியாது.

அப்படியானால் அடிப்படை எது? கணினிகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் டோபாலஜி பாடத்தைப் பஸ், ரிங், ஸ்டார், மெஷ் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு விட்டுவிடுகிறார்கள். 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈத்தர்நெட்டை உருவாக்கியபோது எல்லாக் கணினியும் ஒரே கேபிளில் தொங்கின. அதுதான் பஸ். இன்றைக்கு அலுவலகங்களில் இருப்பது ஸ்விட்சை நடுவில் வைத்த ஸ்டார். படம் இங்கே முடிகிறது, விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. மேசைக்கடியில் கிடக்கும் சின்ன ஸ்விட்சில் யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் செருகிவிட்டால் என்ன ஆகும்? எல்லோருக்குமாகப் போகும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் செய்தி அந்த வளையத்தில் சுற்றத் தொடங்கும். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் செத்துவிடும். ஈத்தர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் சுற்றிக்கொண்டே, பெருகிக்கொண்டே போகும். ஸ்விட்சின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாகப் படபடவென்று அடிக்கும். மாடி முழுவதும் நெட் படுத்துவிடும். அந்தக் கார்டைப் பிடுங்கினால் சில நொடிகளில் எல்லாம் சரியாகும். இந்த வளையங்களை ஸ்விட்சுகள் தாங்களே கண்டுபிடித்து அடைக்க, 1985-இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த முறைதான் ஸ்பானிங் ட்ரீ. டோபாலஜியும் புரோட்டோகாலும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் இலவசம். அதைத் திறந்துவைத்து ஒரு தளத்துக்குப் போங்கள். முதலில் டிஎன்எஸ் கேள்வி போவதும், பதில் வருவதும், பிறகு அந்த மூன்று அடிகளும், அதன்பின் 443-ஆம் போர்ட்டில் பேச்சு தொடங்குவதும் பெரும்பாலும் வரிசையாகத் தெரியும். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கேபிள் கிரிம்பிங்கைக் கேவலமாக நினைக்க வேண்டாம். எட்டுக் கம்பிகளையும் வரிசை மாறாமல் சொருகப் பழகியவருக்குக் கோளாறு கேபிளிலா கட்டமைப்பிலா என்று பிரிக்கத் தெரிந்திருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வேலை ஓரிடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கிற குணம் உள்ளவர்களுக்கானது. தொடக்கத்தில் இரவு ஷிஃப்ட் இருக்கும். நல்ல நிலைக்கு வர வருடங்கள் ஆகும். வீட்டில் வைஃபை நின்றால் எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிற பிள்ளையா, கத்திவிட்டுப் போய்விடுகிற பிள்ளையா என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் வாங்கும் சம்பளத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

எந்த வகுப்புக்கும் பணம் கட்டும் முன் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். ஒரு ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், நான்கு கணினி. கணினிகளை இரண்டு விலேனாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பிங் போக வையுங்கள். முதல் நாளில் போகாது. போகும்வரை உட்கார மனம் இருந்தால் சிசிஎன்ஏவுக்குப் பணம் கட்டலாம். மூன்றாம் நாளே வெறுத்துப்போனால் கட்ட வேண்டாம். வேறு துறை பாருங்கள்.