முதல் 28 நாட்கள்

புதுத் தண்டவாளம் போட்டால் காஷன் ஆர்டர் கொடுத்து வண்டியை மெதுவாக விடுவோம்; கேங்மேன் தினமும் நடந்து பார்ப்பார். பிறந்த குழந்தைக்கு முதல் 28 நாட்களும் அப்படித்தான்.

நம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் 1995 முதல் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். எடை பார்த்து, தாய்ப்பால், கதகதப்பு, சுத்தம் பற்றிச் சொன்னார்கள். கிருமித் தொற்றுக்கு ஊசியும் போட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் பச்சிளங் குழந்தைகளின் மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. 2011 முதல் இது அரசுத் திட்டம். ஆஷா பணியாளர் வீட்டுக்கு வருகிறார்.

நமக்கும் இது பாடம்: ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், சேனை வேண்டாம், தொப்புளில் எதுவும் தடவாதீர்கள், பால் குடிக்காமல் துவண்டால் உடனே ஆஸ்பத்திரி.